காரணம் அறியாமல் கற்றுக்கொடுத்த அறிவியல் எவ்வளவு காலம் நிலைக்கும்?

சுவடியாளன்:

1825-ஆம் ஆண்டு மே 31-ஆம் நாள் இரவு நிகழவிருந்த சந்திர கிரகணத்தின் நேரத்தைப் புதுச்சேரியில் வாழ்ந்த தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாடுகளின் துணையோடு கணித்துக் காட்டினார். கணக்கின் எந்தப் படியையும் அவர் எழுதிக்கொள்ளவில்லை. அதைக் கவனித்துப் பதிவு செய்தவர், ஒரு காலத்தில் சென்னை வான்காணகத்தின் பொறுப்பில் இருந்த ஜான் வாரன் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி. அந்தக் கணிதருக்கு வானியல் கோட்பாடு எதுவும் தெரிந்திருக்கவில்லை என்றும், அவருடைய நினைவாற்றல்தான் வியப்புக்குரியது என்றும் வாரன் எழுதி வைத்திருக்கிறார். விடை கிரகணத் தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் பிசகியது.

அறிவியல் அறிவு தலைமுறை தலைமுறையாகக் கைமாறிய வரலாற்றைப் பேசும்போது நாம் பெரும்பாலும் நூல்களையும் பல்கலைக்கழகங்களையும் மொழிபெயர்ப்பாளர்களையும் பற்றியே பேசுகிறோம். ஆனால் என்னை நெடுநாளாக உறுத்திக்கொண்டிருப்பவர் இந்தப் பெயர் தெரியாத கணிதர்தான். செய்முறை அவரிடம் முழுமையாக வந்து சேர்ந்திருக்கிறது. அந்தச் செய்முறைக்கான காரணம் வழியில் எங்கோ நின்றுவிட்டது. இதைக் கற்பித்தலின் வெற்றி என்பதா, தோல்வி என்பதா? தோல்வி என்ற பக்கமே நான் சாய்கிறேன். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுத வேண்டும்.


வானோக்கி:

மாற்றுக் கருத்து உண்டு. அவர் கையாண்ட முறையின் வயதை முதலில் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சந்திரன் பூமியிலிருந்து மிகத் தொலைவான நிலையில் தொடங்கி மீண்டும் அதே நிலையை அடைய ஏறத்தாழ 27.55 நாள் ஆகிறது. இத்தகைய ஒன்பது சுற்றுகள் கிட்டத்தட்ட மிகச் சரியாக 248 நாளில் முடிகின்றன. ஆகவே 248 நாளுக்கும் சந்திரனின் இருப்பிடத்தை ஒரு முறை கணித்து வைத்துவிட்டால், பிறகு அந்தப் பட்டியலையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். தென்னிந்திய மரபில் இவை வரருசியின் பெயரால் வழங்கும் 248 வாக்கியங்கள். ஒவ்வொரு வாக்கியமும் பொருளுள்ள ஒரு சிறு தொடராக இருக்கும். அதன் எழுத்துகளைக் கடபயாதி முறையில் எண்களாக மாற்றினால் அந்த நாளுக்குரிய பாகையும் கலையும் (பாகையில் அறுபதில் ஒரு பங்கு) கிடைக்கும். முதல் வாக்கியத்திலிருந்து 12 பாகை 3 கலை என்று வருகிறது. சந்திரன் மெதுவாக நகரும் நாளுக்கு அது பொருத்தமான அளவே. இதே 248 நாள் சுழற்சி மெசபடோமியாவின் களிமண் பலகைகளிலும், எகிப்தில் கிடைத்த கிரேக்கப் பாப்பிரஸ் ஏடுகளிலும் காணப்படுகிறது. 1952-இல் பண்டைய வானியலின் வரலாற்றாய்வாளர் ஓட்டோ நொய்கெபாவர் வாரனின் பதிவை மீண்டும் எடுத்து ஆராய்ந்தபோது அவரைக் கவர்ந்தது இந்தத் தொடர்ச்சிதான். கணக்கு எவ்வளவு துல்லியமானது என்பது அவருக்கு இரண்டாம் பட்சமாகவே இருந்தது.

ஆக, பேரரசுகளும் மொழிகளும் மாறியும் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் அறுபடாமல் வந்த ஒரு முறையின் கடைசிக் கண்ணியைத்தான் நீங்கள் தோல்வி என்கிறீர்கள். மேலும், காரணம் அறியாமல் அட்டவணையைப் பயன்படுத்துவது இந்த மரபுக்கு மட்டும் உரியதும் அன்று. 1767-ஆம் ஆண்டுக்கான பதிப்பு முதல் இங்கிலாந்தில் ஆண்டுதோறும் வெளியான கடற்பயணப் பஞ்சாங்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடுக்கடலில் தீர்க்கரேகையைக் கண்டறிந்த மாலுமிகளில் எத்தனை பேருக்குச் சந்திரனின் இயக்கக் கோட்பாடு தெரிந்திருக்கும்? கோட்பாடு ஓரிடத்தில் இருக்கும், பயன்பாடு வேறிடத்தில் இருக்கும். இந்தப் பிரிவினை இல்லாமல் எந்த அறிவும் பரவலாகப் புழக்கத்துக்கு வர முடியாது.

52 நிமிடப் பிழையை முன்வைத்தீர்கள். 1765 ஆகஸ்ட் 30-ஆம் நாள் நிகழ்ந்த சந்திர கிரகணத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பின்னாளில் புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சு வானியலர் லெ ஜாந்தி, அந்தக் கிரகணம் நீடித்த நேரத்தை இதே தமிழ் முறையில் கணித்தபோது விடை 41 நொடி மட்டுமே குறைந்ததாகவும், அக்காலத்தில் ஐரோப்பாவில் மிகவும் மதிக்கப்பட்ட தோபியாஸ் மையரின் அட்டவணைப்படி கணித்தபோது 68 நொடி கூடியதாகவும் எழுதியிருக்கிறார்.


சுவடியாளன்:

ஒரு கிரகணத்தில் விடை நெருங்கி வந்ததை வைத்து முறையை எடைபோட முடியாது. பல பிழைகள் ஒன்றையொன்று ஈடுசெய்தாலும் விடை சரியாக அமையும். 1765-இல் நொடிக்கணக்கில் நெருங்கிய முறை 1825-இல் நிமிடக்கணக்கில் விலகியிருக்கிறது என்பதே என் கட்சிக்கு வலு சேர்க்கிறது. நெருங்கினாலும் விலகினாலும், ஏன் என்று அந்த முறையைப் பயன்படுத்துபவரால் சொல்ல முடியாது.

மாலுமியைப் பற்றிய ஒப்பீடு நல்ல ஒப்பீடு, மறுக்கவில்லை. ஆனால் மாலுமியின் அட்டவணையில் பிழை தெரிந்தால் திருத்துவதற்குக் கிரீன்விச் வான்காணகத்தில் ஆள் இருந்தார். 1825-இல் இந்தக் கணிதருக்குப் பின்னால் யார் இருந்தார்?


கொடிமுல்லை:

வானியலை விட்டுச் சற்று விலகி மருத்துவத்திலிருந்து ஒரு வழக்கைக் கொண்டுவருகிறேன். சுவடியாளன் எழுப்பிய கேள்விக்கு இதைவிடக் கடுமையான விடை எனக்குத் தெரிந்து வேறில்லை.

நீண்ட கடற்பயணங்களில் ஈறு வீங்கி, பற்கள் ஆடி, பழைய காயங்கள்கூட மீண்டும் திறந்துகொள்ளும் ஸ்கர்வி நோய்க்கு ஆரஞ்சும் எலுமிச்சையும் மருந்தாகும் என்பதை 1747-இல் கப்பல் மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட் 12 நோயாளிகளை இருவர் இருவராகப் பிரித்து, ஒவ்வோர் இணைக்கும் வெவ்வேறு மருந்து கொடுத்துப் பார்த்துக் கண்டறிந்தார். பிரிட்டிஷ் கடற்படை 1795-இல்தான் எலுமிச்சைச் சாற்றைக் கட்டாயமாக்கியது. அதன்பின் அந்தப் படையில் நோய் கிட்டத்தட்ட மறைந்தே போனது. இதுவரை எல்லோரும் சொல்லும் கதை. இதன் பிற்பகுதியைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

எலுமிச்சைச் சாறு ஏன் வேலை செய்கிறது என்பது அன்று யாருக்கும் தெரியாது. அதன் புளிப்பே மருந்து என்று பலர் எண்ணினார்கள். 1860-களில் மத்தியதரைக் கடற்பகுதியின் எலுமிச்சைக்குப் பதிலாக, மேற்கிந்தியத் தீவுகளின் பிரிட்டிஷ் தோட்டங்களில் விளைந்த வேறுவகைச் சிறு புளிப்புப் பழத்தின் சாற்றுக்குக் கடற்படை மாறியது. அதுவும் புளிப்பாகத்தான் இருந்தது. ஆகவே மாற்றத்தில் எந்தக் குறையும் எவர் கண்ணுக்கும் படவில்லை. ஆனால் நோயைத் தடுக்கும் பொருள் அதில் மிகக் குறைவு. சேமிப்பிலும், செம்புக் குழாய்கள் வழியாகச் செலுத்தும்போதும் இருந்த சிறிதளவும் சிதைந்துபோனது. அதே காலத்தில் நீராவிக் கப்பல்கள் வந்து பயணங்கள் குறுகிவிட்டதால், எந்த மருந்தும் இல்லாமலே நோய் வராத நிலை ஏற்பட்டது. பயனற்ற சாறு பயனுள்ளதைப் போலத் தோன்றிக்கொண்டே இருந்தது. 1875-இல் நேர்ஸ் என்ற கடற்படை அதிகாரியின் தலைமையில் வடதுருவப் பகுதிக்குச் சென்ற குழுவினர், சாற்றை எடுத்துச் சென்றிருந்தும் ஸ்கர்வியால் முடங்கியபோதுதான் பிசகு வெளிப்பட்டது. அப்போதும் மருத்துவர்கள் பலர் பழத்தின் வகையைச் சந்தேகிக்கவில்லை. புளிப்புச் சாறு மருந்து என்ற பழைய கருத்தையே கைவிட்டு, கெட்டுப்போன இறைச்சியால்தான் நோய் வருகிறது என்ற கோட்பாட்டுக்குத் தாவினார்கள். 1907-இல் ஹோல்ஸ்ட், ஃபிரோலிஷ் என்ற இரு நார்வே ஆய்வாளர்கள் கினிப்பன்றிகளிடம் அந்த நோயை உண்டாக்கிக் காட்டிய பிறகே வழி திறந்தது.

இங்கே அச்சு நூல்கள் இருந்தன, கடற்படை ஆணைகள் இருந்தன, பயிற்சி பெற்ற மருத்துவர்களும் இருந்தார்கள். இருந்தும் அறுபது எழுபது ஆண்டு அனுபவம் கைநழுவிப் போயிற்று. காரணம் தெரியாத செய்முறையில் எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்று சொல்லித்தர ஆசிரியரால் முடியாது. புளிப்பைக் காப்பாற்றினார்கள், மருந்தை விட்டுவிட்டார்கள்.

சோழிக் கணிதர் ஒருவகையில் கொடுத்துவைத்தவர் என்றே சொல்வேன். எண்களில் ஒன்றைக்கூட மாற்றும் துணிவு அவருக்கு வந்திருக்காது. அதனால்தான் முறை பிழைத்திருந்தது.


வானோக்கி:

கொடிமுல்லையின் கடைசி வரிகள் எனக்குச் சாதகமாகவே இருக்கின்றன. மாற்றத் துணியாத மனப்பாடம், அரைகுறையாகப் புரிந்துகொண்ட சீர்திருத்தத்தைவிடப் பாதுகாப்பானது என்றுதானே பொருள்?


கொடிமுல்லை:

பாதுகாப்பானதுதான், வானத்தைப் போல மிக மெதுவாக மாறும் பொருளுக்கு. மருந்துக்கும் உலோகத்துக்கும் அது பொருந்தாது. மூலப்பொருள் ஊருக்கு ஊர் வேறுபடும். நீங்கள் எதையும் மாற்றாவிட்டாலும் உங்கள் கைக்கு வரும் பொருள் மாறிவிடும்.


ஆய்வகவாசி:

காரணம் தெரிந்தால் போதும் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டுவிட்டதாகத் தெரிகிறது. காரணம் முழுவதும் தெரிந்து, அதை அச்சிலும் போட்டு, செய்முறையையும் விரிவாக எழுதி வைத்த பிறகும் அறிவு கைமாறாமல் நின்ற நிகழ்வுகள் உண்டு. ஆய்வகத்தில் காலம் கழித்தவர்களுக்கு இது புதிய செய்தி அன்று.

ராபர்ட் பாயில், ராபர்ட் ஹூக்கின் துணையோடு அமைத்த காற்றுப் பம்பைப் பற்றி 1660-இல் வெளியிட்ட நூலில், படிப்பவர் தாமே நேரில் நின்று பார்ப்பதைப் போல உணரும்படி படத்துடன் நுணுக்கமாக விவரித்தார். அந்த நூலை மட்டும் வைத்துக்கொண்டு இயங்கும் பம்பு ஒன்றை உருவாக்குவது மற்றவர்களுக்குக் கைகூடவில்லை. டச்சு அறிஞர் ஹைகன்ஸ் 1661-இல் லண்டனுக்குச் சென்று பம்பு இயங்குவதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் தம் ஊரில் ஒன்றை அமைத்தார்.

பழங்காலத்துக் கருவி என்று ஒதுக்கிவிட வேண்டாம். 1970-களின் தொடக்கத்தில் வளிமண்டல அழுத்தத்தில் இயங்கும் கார்பன் டை ஆக்சைடு லேசரைப் பிரிட்டனின் பல ஆய்வகங்கள் கட்ட முயன்றன. அவற்றைப் பின்தொடர்ந்து ஆராய்ந்த சமூகவியலர் ஹாரி காலின்ஸ், வெளியான கட்டுரைகளை மட்டும் நம்பிய எந்தக் குழுவும் வெற்றி பெறவில்லை என்பதையும், வெற்றி பெற்ற ஒவ்வொரு குழுவுக்கும் ஏற்கெனவே அத்தகைய லேசரை இயக்கியவரோடு நேரடிப் பழக்கம் இருந்தது என்பதையும் கண்டார். மின்தேக்கியிலிருந்து மின்முனைக்குச் செல்லும் கம்பி குட்டையாக இருந்தாக வேண்டும் என்பது போன்ற செய்திகள் கட்டுரைகளில் இடம்பெறவில்லை. யாரும் மறைத்து வைத்ததால் அப்படி நேரவில்லை. முதலில் கட்டியவருக்கே அதன் முக்கியத்துவம் தெரிந்திருக்கவில்லை. அவருடைய கருவியைப் பார்த்து அப்படியே அமைத்தவர்களுக்கு, தங்களுக்குக் கிடைத்தது இன்னது என்று தெரியாமலே அது கிடைத்தது.

இந்தச் சிக்கலுக்குத் திட்டமிட்டு விடை கண்டவர்களுள் யூஸ்டஸ் லீபிக்கை முதன்மையானவராகக் கருதுகிறேன். 1824-இல் ஜெர்மனியின் கீசன் நகருக்குப் பேராசிரியராக வந்தவர், மாணவர்களை வெறும் பார்வையாளர்களாக வைத்திராமல் ஆய்வகத்தில் இறக்கி, முதலில் தெரிந்த பொருள்களைப் பகுத்தறியவும் பிறகு தெரியாத பொருள்களை ஆராயவும் படிப்படியாகப் பழக்கினார். கரிமப் பொருளை எரித்து அதிலுள்ள கார்பனின் அளவைக் கண்டறிவதற்கு, ஐந்து கண்ணாடிக் குமிழ்கள் கொண்ட ஒரு சிறு கருவியை 1831-இல் அவர் உருவாக்கினார். எரியும்போது வெளிவரும் கார்பன் டை ஆக்சைடைக் குமிழ்களில் இருக்கும் காரக் கரைசல் உறிஞ்சிக்கொள்ளும். முன்னும் பின்னும் எடை பார்த்தால் விடை கிடைத்துவிடும். அதற்கு முன் தேர்ந்த வல்லுநர் ஒருவர் பெரும்பாடு பட்டுச் செய்த பகுப்பாய்வை இப்போது பயிற்சி பெற்ற மாணவரே செய்ய முடிந்தது. கைத்திறனின் ஒரு பகுதியைக் கருவிக்குள் வைத்து, எஞ்சியதை ஆய்வக மேசையருகே நின்று கற்றுக்கொடுத்தார். இந்த முறையின் வீச்சு வியப்பூட்டுவது. அவருடைய மாணவர் ஹாஃப்மன் 1845-இல் லண்டனுக்குப் போய் வேதியியல் கல்லூரியில் கற்பிக்கத் தொடங்கினார். அங்கே அவரிடம் பயின்ற வில்லியம் பெர்கின் 1856-இல், 18 வயதில், முதன்முதலாகத் தொழில்முறையில் விற்பனைக்கு வந்த செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்தார். ஆசிரியர், மாணவர், மாணவரின் மாணவர் என்று இந்தச் சங்கிலியை ஆளாக ஆளாகச் சுட்டிக்காட்டலாம்.


எண்சுவடி:

கணிதத்தில் கருவி இல்லை, கம்பியின் நீளம் இல்லை. தருக்கம் முழுவதையும் தாளில் எழுதிவிடலாம். அங்கேயாவது நூல் தனியாக நின்று தாங்குமா என்றால், எப்போதும் அப்படி நடக்கவில்லை.

சீனக் கணித அறிஞர் சூ சோங்சி ஐந்தாம் நூற்றாண்டில் வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதம் 3.1415926-க்கும் 3.1415927-க்கும் இடையில் இருப்பதைக் கண்டார். அவர் எழுதிய நூல் தாங் அரசின் கணிதப் பள்ளியில் பாடமாகவும் இருந்தது. அதற்கு மட்டும் நான்கு ஆண்டுகள் ஒதுக்கியிருந்தார்கள். ஆனால் அது மிகக் கடினமானது, கல்வி அதிகாரிகளில் எவருக்கும் அதன் ஆழம் பிடிபடவில்லை, அதனால் கைவிடப்பட்டது என்று பழைய வரலாற்றுக் குறிப்பு ஒன்று சொல்கிறது. இன்று அந்த நூல் இல்லை. விடை மட்டும் எஞ்சியிருக்கிறது. அவர் அதை அடைந்த வழியை நாம் ஊகிக்கத்தான் முடிகிறது. கற்பிப்பவரின் எட்டுக்கு அப்பால் போன நூலை யாரும் படியெடுக்க மாட்டார்கள்.

வானோக்கி வாக்கியங்களைப் பற்றி எழுதியதோடு இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதே வாக்கிய முறையைக் கேரளத்துச் சங்கமகிராமத்து மாதவன் பதினான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விகலை (கலையில் அறுபதில் ஒரு பங்கு) வரை துல்லியமாக்கினார். காரணம் அறிந்தவர்கள் அந்த மரபுக்குள்ளேயே இருந்தார்கள் என்பதற்கு இது சான்று. ஆனால் வட்டத்தின் சுற்றளவு போன்ற அளவுகளை முடிவின்றி நீளும் கூட்டலாகத் தரும் முடிவில்லாத் தொடர்களைப் பற்றி மாதவன் எழுதிய நூல் எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. மாணவர் வரிசை அவர் பெயரைச் சொல்லி மேற்கோள் காட்டியதால்தான் அவை அவருடையவை என்று அறிகிறோம். அந்த வரிசையில் வந்த ஜேஷ்டதேவர் 1530-ஐ ஒட்டி, சமஸ்கிருதச் செய்யுளை விட்டுவிட்டு, மலையாள உரைநடையில் ஒவ்வொரு விதியும் ஏன் சரியாகிறது என்பதைப் படிப்படியாக விளக்கி யுக்திபாஷையை எழுதினார். சுவடியாளன் தேடும் காரணம் அதற்குள் முழுமையாக இருக்கிறது. இருந்தும் அது ஒரு சிறு வட்டாரத்தின் சில குடும்பங்களுக்குள்ளேயே சுவடியாகப் புழங்கியது. 1830-களில் சார்ல்ஸ் விஷ் என்ற கம்பெனி அதிகாரி அந்தத் தொடர்களைப் பற்றிக் கட்டுரை எழுதிய பிறகும் வெளியுலகம் நெடுங்காலம் அதைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. வாரன் புதுச்சேரியில் அமர்ந்து கணிதருக்குக் கோட்பாடு தெரியவில்லை என்று எழுதிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அந்தக் கோட்பாட்டை ஒத்த ஆழமுள்ள விளக்கங்கள் மலைத்தொடருக்கு மறுபுறம் ஓலையில் இருந்தன.


வானோக்கி:

அந்த வரிசையைத் தொட்டதால் ஒன்றைச் சேர்க்கிறேன். மாதவனின் மாணவர் பரமேசுவரன் பல பத்தாண்டுகள் கிரகணங்களைக் கண்ணால் நோக்கி, கணக்குக்கும் காட்சிக்கும் உள்ள வேறுபாட்டைக் குறித்து வைத்து, 1431-இல் திருத்திய கணிதமுறை ஒன்றை வகுத்தார். ஆகவே 1825-இல் கணிதருக்குப் பின்னால் யார் இருந்தார் என்ற கேள்விக்கு, அவருக்கு நானூறு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் இருந்தார் என்று விடை சொல்லலாம். இடையில் அறுந்தது வாய்பாடு அன்று, வானத்தைப் பார்த்துத் திருத்தும் பழக்கம். இந்த அளவுக்குச் சுவடியாளன் பக்கம் வருகிறேன். வாய்பாட்டை மனப்பாடம் செய்ததைக் குறை சொல்வதற்கு மட்டும் இன்னும் உடன்பட மாட்டேன். கணிதர் அதையும் விட்டிருந்தால் நொய்கெபாவருக்கு ஆராய என்ன கிடைத்திருக்கும்?


கொடிமுல்லை:

பார்க்கும் பழக்கம் அறுவதற்குக் கோட்பாடு இல்லாமல் போக வேண்டும் என்பதில்லை. கோட்பாடு கெட்டியாக இருந்தாலும் அறும். இடைக்கால ஐரோப்பிய மருத்துவப் பள்ளிகளின் உடற்கூற்று வகுப்பைப் பற்றி நமக்குக் கிடைக்கும் சித்திரத்தில் பேராசிரியர் உயர்ந்த நாற்காலியில் அமர்ந்து நூலை வாசிப்பார். கத்தி பிடிப்பவர் வேறொருவர், கோலால் உறுப்பைச் சுட்டிக்காட்டுபவர் இன்னொருவர். பண்டைய கிரேக்க மருத்துவர் காலென் விலங்குகளை அறுத்து எழுதிய விவரங்கள், மனித உடல் மேசைமேல் திறந்து கிடக்கும்போதும் மாறாமல் வாசிக்கப்பட்டன. கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது என்று நூல் சொல்லும். எதிரே இருப்பது ஒன்று. பதுவா நகரில் கற்பித்த வெசாலியஸ் கத்தியைத் தாமே கையில் எடுத்து, 1543-இல் படங்களோடு தம் நூலை வெளியிட்டபோது அவர் சாடியதும் இந்த ஏற்பாட்டைத்தான்.


சுவடியாளன்:

வானோக்கியோடு எனக்கு இப்போது அதிக வேறுபாடு இல்லை. மனப்பாடத்தைக் குறை சொல்வதை விட்டுவிடுகிறேன். ஆனால் திருத்துபவர் நானூறு ஆண்டுகளாக இல்லாத மரபைத் தொடர்ச்சி என்று பாராட்டத் தயக்கம் இருக்கிறது. ஹுனைன் இப்னு இஷாக்கை இங்கே யாரும் குறிப்பிடாதது எனக்கு ஏமாற்றம். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் காலெனின் நூல்களை மொழிபெயர்த்த அவர், ஒரே நூலின் பல கிரேக்கப் படிகளைத் தேடிச் சேர்த்து ஒப்பிட்டு, சரியான பாடத்தை நிறுவிய பிறகே மொழிபெயர்க்கத் தொடங்குவார். இளமையில் பழுதுபட்ட படியிலிருந்து செய்த மொழிபெயர்ப்பைப் பல ஆண்டுகள் கழித்து மீண்டும் செய்ததாகவும் எழுதியிருக்கிறார். வெறும் படியெடுப்புக்கும் புரிந்து கைமாற்றுவதற்கும் உள்ள தொலைவை அவரிடம் பார்க்கலாம்.


எண்சுவடி:

கற்பித்தலை நாம் அனைவரும் ஏற்கெனவே உள்ள அறிவைக் கடத்தும் வேலையாகவே பேசிவருகிறோம். வகுப்பறையின் நெருக்கடியில் புதிய அறிவியல் பிறந்ததும் உண்டு. 1858-இல் சூரிக் நகரில் நுண்கணிதப் பாடம் நடத்தத் தொடங்கிய ரிச்சர்டு டெடெகிண்ட், ஒரு கட்டத்தில் வரைபடத்தைக் காட்டி ஒப்புக்கொள்ளச் செய்வதைத் தவிர வேறு வழியில்லாமல் நிற்பதை உணர்ந்து, மாணவர்கள் முன் நேர்மையாகச் சொல்லக்கூடிய அடிப்படை ஒன்றைத் தேடினார். மெய்யெண்களை, விகிதமுறு எண்களை இரு பகுதிகளாகப் பிரிக்கும் வெட்டுகளாக வரையறுக்கும் முறை அவ்வாண்டு நவம்பரில் அவருக்குக் கிடைத்தது. அதை நூலாக வெளியிட்டது 1872-இல்தான். மெண்டலீவும் 1869-இல் மாணவர்களுக்கான வேதியியல் பாடநூலை எழுதும்போது, அறுபதுக்கு மேற்பட்ட தனிமங்களை எந்த வரிசையில் சொல்லிக்கொடுப்பது என்ற சிக்கலில்தான் தனிம அட்டவணையை அடைந்தார். அந்த அட்டவணையில் அவர் காலியாக விட்ட இடங்களில் ஒன்று 1875-இல் காலியம் கண்டுபிடிக்கப்பட்டபோது நிரம்பியது.